பழைய அனல் மின் அலகுகளை என்ன செய்வது: பெல்லட்டா, காஸா, அம்மோனியாவா, பூட்டா?

தூத்துக்குடி அனல் மின் நிலையத்தில் 210 மெகாவாட் அலகுகள் ஐந்து. முதல் அலகு 1979-ல் ஓடத் தொடங்கியது. மேட்டூரில் அதே அளவில் நான்கு, எண்பதுகளின் கடைசியில் வந்தவை. வடசென்னையில் மூன்று, தொண்ணூறுகளின் நடுவில் வந்தவை. ஆக மொத்தம் பன்னிரண்டு அலகுகள், 2,520 மெகாவாட். எல்லாமே நிலக்கரி.

இவற்றைப் பற்றித்தான் வாசகர்கள் விடாமல் கேட்கிறார்கள். "நிலக்கரிக்குப் பதில் பெல்லட் போட்டால் போச்சு, எதுக்கு மூடணும்?" என்கிறார் ஒருவர். (பெல்லட் என்பது பயிர்க்கழிவையோ மரத்தூளையோ அழுத்திச் செய்யும் சிறு எரிகட்டி.) "எண்ணூருக்கு எல்.என்.ஜி. (திரவமாக்கிய எரிவாயு) வந்தாச்சு, தூத்துக்குடி வரைக்கும் குழாயும் வந்தாச்சு, காஸுக்கு மாத்திரலாமே" என்கிறார் இன்னொருவர். ஜப்பான்காரர்கள் அம்மோனியாவை எரிக்கிறார்களாமே என்று கேட்பவர்களும் உண்டு. எல்லாமே நியாயமான கேள்விகள். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எதை எரிப்பது என்பதற்கு முன்னால், ஆண்டுக்கு எத்தனை மணி நேரம் எரிப்பது என்று முடிவு செய்ய வேண்டும். மணி நேரம் குறைந்தால் சில மாற்று எரிபொருட்கள் கட்டுப்படியாகும். இப்போது ஓடுவதுபோலவே ஓடவேண்டும் என்றால் எதுவுமே கட்டுப்படியாகாது. ஏன் என்று கணக்கோடு பார்ப்போம்.

## எதை வைத்து எடை போடுவது

ஐந்து விஷயங்களைப் பார்க்கிறேன்.

ஒன்று, ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எரிபொருள் செலவு எவ்வளவு. இரண்டு, அந்த எரிபொருள் வேண்டிய அளவுக்கு, வேண்டிய நாளில் வந்து சேருமா. மூன்று, நாற்பது வயது பாய்லரும், எரிபொருளை மாவாக்கும் மில்லும் அதைத் தாங்குமா, தாங்கவைக்க என்ன செலவு. நான்கு, கரியமில வாயு உண்மையில் எவ்வளவு குறைகிறது. புகைபோக்கியில் மட்டுமல்ல, விளைந்த இடத்திலும் எரிவாயுக் கிணற்றடியிலும் சேர்த்து. ஐந்து, சூரியன் மறைந்த பிறகு, சாயங்காலம் ஆறு முதல் பத்து மணி வரை மின்சாரம் கிடைக்குமா. தமிழ்நாட்டில் பகல் மின்சாரத்துக்கு இப்போது பஞ்சம் இல்லை. காற்று சீசனில் காற்றாலைகளை நிறுத்தச் சொல்லும் அளவுக்குக்கூடப் போகிறது. திண்டாட்டமெல்லாம் மார்ச் முதல் மே வரை, காற்று எழும்புவதற்கு முன்னால், ஏ.சி. ஓடும் மாலைகளில்தான். 2024 மே 2 அன்று மாநிலத்தின் உச்சத் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது.

சாம்பலும் வேலைவாய்ப்பும் ஆறாவது, ஏழாவது என்று தனியாக வரவில்லை. அவை எல்லா வழிகளிலும் குறுக்கே வரும், அங்கங்கே சொல்கிறேன்.

ஒப்பிட ஓர் அடிப்படைக் கணக்கு வேண்டும். 210 மெகாவாட் அலகு முழு லோடில் ஒரு நாள் ஓடினால் 50 லட்சம் யூனிட். பழைய இயந்திரம் என்பதால் யூனிட்டுக்கு 2,500 கிலோ கலோரி வெப்பம் என்று வைத்துக்கொள்வோம். ஒடிசா தால்ச்சரிலிருந்து பாரதீப் துறைமுகம் வழியாகக் கப்பலில் வரும் நிலக்கரி கிலோவுக்கு 3,400 கிலோ கலோரி கொடுத்தால், நாளுக்கு 3,700 டன் வேண்டும். ரயில் கணக்கில் சொன்னால் ஓர் அலகுக்கு நாள்தோறும் ஒரு முழுச் சரக்கு ரயில். டன் 5,500 ரூபாய்க்கு வந்து சேர்ந்தால் யூனிட்டுக்கு எரிபொருள் செலவு 4 ரூபாய். எரிந்த பிறகு மிஞ்சும் சாம்பல் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். நாளுக்கு ஆயிரம் டன்னைத் தாண்டும். கரியமில வாயு யூனிட்டுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ. இனி வருவதையெல்லாம் இந்த எண்களோடு வைத்துப் பாருங்கள்.

## நிலக்கரியோடு கொஞ்சம் பெல்லட்

இது ஏற்கெனவே அரசுக் கொள்கை. அனல் மின் நிலையங்கள் 2024-25 முதல் 5 சதவீதமும், 2025-26 முதல் 7 சதவீதமும் பயிர்க்கழிவுப் பெல்லட்டைக் கலந்து எரிக்க வேண்டும் என்று மத்திய மின்துறை 2023-ல் சொன்னது. உத்தரப் பிரதேசத்தின் தாத்ரியில் மத்திய அரசு மின் நிறுவனமான என்.டி.பி.சி. 2017-லேயே செய்து காட்டிவிட்டது.

5 சதவீதம் என்றால் ஓர் அலகுக்கு நாளுக்கு 185 டன், பத்துப் பன்னிரண்டு லாரி லோடு. இந்த அளவுக்குப் பாய்லரில் பெரிதாக எதையும் மாற்ற வேண்டாம். கன்வேயரில் நிலக்கரியோடு சேர்த்துவிட்டால் அதே மில், அதே பர்னர். ஆட்களுக்கும் வேலை போகாது. நல்லதுதான், செய்யலாம். ஆனால் குறையும் கரியமில வாயுவும் (சுருக்கமாகக் கரி) அதே ஐந்து சதவீதம்தான். பெல்லட் கலக்கிறோம் என்ற ஒரே காரணத்தைக் காட்டி ஓர் அலகின் ஆயுளைப் பத்தாண்டு நீட்டினால், அந்த ஐந்தின் பலன் முதல் ஆண்டிலேயே கரைந்துவிடும்.

மறைந்திருக்கும் செலவு வேறு இடத்தில் இருக்கிறது. இந்த விதி பஞ்சாப், ஹரியாணா வயல்களில் வைக்கோலைக் கொளுத்துவதையும் டெல்லியின் புகையையும் மனதில் வைத்து வந்தது. அங்கே நெல் வைக்கோலை மாடு அவ்வளவாகத் தின்பதில்லை, கோதுமைத் தட்டைதான் தீவனம். நம் டெல்டாவில் கதையே வேறு. அறுவடை இயந்திரம் வயலை விட்டு ஏறியதும் கட்டு கட்டும் இயந்திரம் இறங்கிவிடுகிறது. உருட்டிய வைக்கோல் கட்டுகள் லாரி ஏறி மேற்கு மாவட்டங்களுக்கும் கேரளாவுக்கும் போகின்றன. இரண்டு கறவை மாடு வைத்துப் பிழைக்கும் வீட்டுக்கு அந்தக் கட்டின் விலைதான் பால் கணக்கின் பாதி. அதைப் பெல்லட் ஆலை போட்டி போட்டு வாங்கினால் அடி விழுவது அந்த வீட்டுக்கு.

எனவே நம் ஊரில் பெல்லட் என்றால் கடலைத்தோல், தென்னை மட்டை, பருத்திமார், மக்காச்சோளச் சக்கை, மரவள்ளிக் குச்சி, மரத்தூள், சீமைக் கருவேலம் என்றுதான் யோசிக்க வேண்டும். வைக்கோலைத் தொடக்கூடாது. கரும்புச் சக்கையையும் உபரி என்று நினைக்க வேண்டாம். சர்க்கரை ஆலைகளே அதை எரித்து மின்சாரம் எடுக்கின்றன, புகளூர் காகித ஆலையோ நிலக்கரியைக் கொடுத்துப் பண்டமாற்றாகச் சக்கையை வாங்கிக் காகிதக் கூழாக்குகிறது. கழிவு என்று நாம் பேர் வைத்திருக்கும் பல பொருட்களுக்கு ஏற்கெனவே வாங்க ஆள் இருக்கிறது.

## முழுக்க முழுக்கப் பெல்லட்

உலகின் பெரிய உதாரணம் இங்கிலாந்தின் டிராக்ஸ். வடக்கு யார்க்‌ஷயரில் ஆறு பெரிய நிலக்கரி அலகுகள் இருந்த இடத்தில், 2013 முதல் 2018-க்குள் நான்கு அலகுகளை மரப் பெல்லட்டுக்கு மாற்றினார்கள். இன்றும் 2,600 மெகாவாட் திறன். தொழில்நுட்பம் முடியும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பெல்லட் பெரும்பாலும் அமெரிக்கத் தென் மாநிலங்களிலிருந்தும் கனடாவிலிருந்தும் கடல் கடந்து வருகிறது. வளர்ந்த காட்டு மரத்தை எரித்தால் அதே அளவு கரியைப் புது மரம் திரும்ப உறிஞ்சப் பல பத்தாண்டுகள் ஆகும் என்ற சண்டை அங்கே இன்னும் ஓயவில்லை. 2024 ஆகஸ்டில், மரத்தின் வகை பற்றிய தரவைச் சரியாகத் தராததற்காக 2.5 கோடி பவுண்டு கட்ட நிறுவனம் ஒப்புக்கொண்டது. பெல்லட்டில் அந்த நிலையம் ஓடுவது பெரும்பாலும் மானியத்தை நம்பித்தான்.

நமக்கு அளவிலும் பொருத்தத்திலும் நெருங்கியது கனடாவின் ஒன்டாரியோவில் உள்ள அட்டிகோகன். அது 205 மெகாவாட். கிட்டத்தட்ட நம் அலகின் அளவு. 2012-ல் நிலக்கரியை நிறுத்தி, 2014-ல் மரப் பெல்லட்டில் மறுபடி ஓட்டினார்கள். மாற்றச் செலவு 17 கோடி கனடிய டாலர், அன்றைய மதிப்பில் 900 கோடி ரூபாய்க்கு மேல். இதில் பெரும்பகுதி பாய்லருக்குள் போகவில்லை. பெல்லட்டை நனையாமல், தூசி வெடிக்காமல், புகையாமல் வைத்திருக்கும் சேமிப்புக் கிடங்கும் அதிலிருந்து கொண்டுசேர்க்கும் பாதையுமே முக்கியச் செலவு.

அது ஏன் என்று புரிய மில்லுக்குப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். நிலக்கரி நொறுங்கும் பொருள். உருளைக்கு அடியில் மாவாகிவிடும். மரம் நார், நசுங்கும், பிரியும், மாவாகாது. நிலக்கரியை உலர்த்தக் கொடுக்கும் அதே சூட்டுக் காற்றைக் கொடுத்தால் மில்லுக்குள்ளேயே தீப்பிடிக்கும். சூட்டைக் குறைத்தால் மில்லின் திறன் குறையும், அலகின் லோடும் இறங்கும். வெளியே யார்டிலோ இன்னொரு தொல்லை. நிலக்கரிக் குவியல் மழையில் நனைந்தால் ஈரமாகும், அவ்வளவுதான். பெல்லட் ஒரு ஐப்பசி மழையில் நனைந்தால் ஊறி உப்பிக் கூழாகிவிடும், அள்ளிக் கொட்ட வேண்டியதுதான். மூடிய கிடங்கில் குவித்தாலும் உள்ளுக்குள் தானே சூடேறும். டிராக்ஸில் 50 மீட்டர் உயரத்துக்கு நான்கு குவிமாடங்கள் கட்டியது இதற்காகத்தான். லண்டனுக்குக் கிழக்கே டில்பரியில், நிலக்கரியிலிருந்து மரத்துக்கு மாற்றிய நிலையத்தில் 2012 பிப்ரவரியில் எரிபொருள் கிடங்கில் பெருந்தீ பிடித்தது. அடுத்த ஆண்டே அது மூடப்பட்டது.

பயிர்க்கழிவு என்றால் மேலும் ஒரு கஷ்டம். அதில் பொட்டாசியமும் குளோரினும் அதிகம். சாம்பல் குறைந்த சூட்டிலேயே உருகிக் குழாய்களில் பிசினாக ஒட்டும், நீராவியை மேலும் சூடேற்றும் சூப்பர் ஹீட்டர் குழாயை அரிக்கும். திருச்சி பெல் தொழிற்சாலையின் பாய்லர்கள் நம் நிலக்கரிச் சாம்பலுக்காக அளவெடுத்துச் செய்தவை. வேறு சாம்பலைக் காட்டினால் பராமரிப்பு அட்டவணையே மாறும்.

இப்போது அளவு. கிலோவுக்கு 3,800 கிலோ கலோரி தரும் பெல்லட் யூனிட்டுக்கு முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக, 0.66 கிலோ வேண்டும். ஓர் அலகு ஆண்டில் 60 சதவீத லோடில் ஓடினால் ஏழு லட்சம் டன்னைத் தாண்டும். டன் 7,500 ரூபாய் என்றால் எரிபொருள் மட்டும் யூனிட்டுக்கு 5 ரூபாய். விலைகூடப் பரவாயில்லை, ஏழு லட்சம் டன் எங்கிருந்து வரும்? சிவகங்கை, ராமநாதபுரம், விருதுநகர் பக்கம் சீமைக் கருவேலத்தை நம்பி வந்த சிறு உயிரி மின் நிலையங்களே விறகு விலை ஏறும்போதெல்லாம் மூச்சுத் திணறுகின்றன. அவை பத்து இருபது மெகாவாட் அளவுதான். கரிமூட்டம் போடுபவரும் செங்கல் சூளைக்காரரும் அதே விறகுக்குத்தான் நிற்கிறார்கள்.

அட்டிகோகன் இதை எப்படிச் சமாளித்தது? ஓட்டும் நேரத்தைக் குறைத்தது. அதன் முதல் ஒப்பந்தம் ஆண்டுக்கு 90,000 டன் பெல்லட்டுக்குத்தான். முழுத் திறனில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு நேரம் ஓட அது போதும். கிரிட்டுக்கு (மின்கட்டமைப்புக்கு) தேவைப்படும் நாளில் எழுந்து நிற்கும், மற்ற நாளில் சும்மா இருக்கும். இதே கணக்கை நம் அலகுக்குப் போட்டால் 1.2 லட்சம் டன். மணிக்கு 5 டன் செய்யும் பெல்லட் பட்டறைகள் ஐந்து இருந்தால் ஆண்டுக்குச் சேர்த்துவிடலாம். எட்டாக்கனி இல்லை.

ஆனால் குறைவாக ஓடும் அலகின் ஒவ்வொரு யூனிட் மீதும் முதலீட்டுப் பாரம் ஏறும். அதே 900 கோடியைப் பதினைந்து ஆண்டுக்குப் பரப்பினால், வட்டி இல்லாமலே யூனிட்டுக்கு மூன்று ரூபாய்க்கு மேல். எரிபொருளோடு சேர்த்து எட்டு ரூபாய்க்கு மேல் வருகிறது. அதிகமாகத் தெரியலாம். கோடை மாலைகளில் மின் சந்தையில் உச்சவரம்பு விலையான 10 ரூபாய் கொடுத்து வாங்குகிறோம் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

## காஸ்

எரிவாயுவுக்குச் சாம்பல் இல்லை, கந்தகம் இல்லை, பாய்லரில் மாற்றமும் எளிது. அமெரிக்காவில் 2011 முதல் 2019 வரை வேறு எரிபொருளுக்குப் போன 121 நிலக்கரி நிலையங்களில் 103, எரிவாயுவுக்குத்தான் போயின. அங்கே காஸ் காலடியில் கிடைக்கிறது, அதனால் நடந்தது.

இங்கே அது எல்.என்.ஜி. கப்பலில் வரும், டாலரில் விலை. ஒரு எம்.எம்.பி.டி.யூ. (சுமார் 2.5 லட்சம் கிலோ கலோரி வெப்பம் தரும் எரிவாயு) 12 டாலர், டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்தால், பழைய பாய்லரிலேயே காஸை எரித்தால் யூனிட்டுக்கு 10 ரூபாய். பாய்லரைக் கழற்றிவிட்டுப் வெளியேறும் சூட்டையும் மின்சாரமாக்கும் புதிய கூட்டுச் சுழற்சி டர்பைன் வைத்தால் ஏழு ரூபாய் சொச்சம், ஆனால் அது புது நிலையம் கட்டும் செலவு. 2022-ல் உக்ரைன் போர் தொடங்கியபின் உடனடிச் சந்தை விலை ஐம்பது டாலரைத் தாண்டியது. நாட்டில் ஏற்கெனவே கட்டி வைத்த 20,000 மெகாவாட்டுக்கு மேற்பட்ட எரிவாயு நிலையங்களில் பெரும்பகுதி காஸ் இல்லாமலோ கட்டுப்படியாகாமலோ தூங்குகிறது. வழுதூர், குத்தாலம், திருமாக்கோட்டை என்று நம்மிடம் இருப்பவையும் காவிரிப் படுகைக் கிணறுகளில் வருவதை நம்பிய, நூறு மெகாவாட் அளவிலான சிறு நிலையங்கள்.

கரி விஷயத்திலும் ஒரு கண்கட்டு உண்டு. "பாதியாகக் குறையும்" என்று சொல்வது புதிய டர்பைனுக்கு. பழைய பாய்லரில் எரித்தால் யூனிட்டுக்கு 0.6 கிலோவுக்குப் பக்கம் நிற்கும். வழியில் கசியும் மீத்தேன், இருபதாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல 80 மடங்கு சூடேற்றும். கிணற்றிலிருந்து கப்பல் வரை கசிவு சில சதவீதம் இருந்தாலே மிச்சமான லாபமும் போய்விடும்.

காஸ் எங்கே சரி? பக்கத்திலேயே குழாயும் மலிவான வாயுவும் இருந்து, ஆண்டுக்குச் சில நூறு மணி நேரம் மட்டும் ஓடப்போகும் இடத்தில். பேசின் பிரிட்ஜ் டர்பைன்கள் மாதிரி, சட்டென எழுந்து சென்னையின் உச்ச நேரத்தைத் தாங்குவதற்கு. தினமும் ஓடும் அலகுக்கு வேண்டாம்.

## அம்மோனியா

ஜப்பானின் ஐச்சி மாநிலத்தில் உள்ள ஹெகினான் நிலையத்தில், 1,000 மெகாவாட் அலகு ஒன்றில் 2024 ஏப்ரல் முதல் ஜூன் வரை வெப்ப அளவில் 20 சதவீதம் அம்மோனியாவை எரித்துக் காட்டினார்கள். எரியும்போது அதிலிருந்து கரியமில வாயு வராது. அது உண்மை.

அம்மோனியா மண்ணிலிருந்து தோண்டி எடுப்பது அல்ல, செய்வது. இன்று உலகில் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் செய்கிறார்கள். டன்னுக்கு இரண்டு டன் அளவில் கரியமில வாயு வெளியேறுகிறது. அப்படிச் செய்ததை இங்கே எரித்தால் புகைபோக்கியை வேறு ஊருக்கு மாற்றியதாகத்தான் அர்த்தம். பசுமை அம்மோனியா என்றால் சூரிய, காற்று மின்சாரத்தில் தண்ணீரைப் பிரித்துச் செய்வது. ஒரு கிலோவுக்குச் சுமார் 10 யூனிட் மின்சாரம் செலவாகும். அந்த ஒரு கிலோவை நம் பழைய பாய்லரில் எரித்தால் திரும்பக் கிடைப்பது இரண்டு யூனிட்டுக்கும் குறைவு. பத்தைப் போட்டு இரண்டை எடுப்பது. 2025-ல் உர ஆலைகளுக்காக நடந்த ஏலத்தில் வந்த கிலோ 55 ரூபாய் அளவிலான விலையில் கணக்குப் போட்டால், எரிபொருள் மட்டும் யூனிட்டுக்கு 30 ரூபாயைத் தாண்டும்.

பாதுகாப்பு பற்றி எண்ணூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2023 டிசம்பர் 26 இரவு பெரியகுப்பம் பக்கம் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, மூச்சுத் திணறலோடு ஜனங்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். ஓர் அலகில் 20 சதவீதம் எரிக்கவே நாளுக்கு 550 டன்னுக்கு மேல் வேண்டும். அவ்வளவையும் குடியிருப்புக்கு நடுவே சேமிக்க வேண்டும்.

தூத்துக்குடியில் பசுமை அம்மோனியா வருவதை நான் எதிர்க்கவில்லை, வரவேற்கிறேன். அது உரத்துக்குப் போகட்டும். அங்கே அதற்கு மாற்றே இல்லை. பாய்லருக்கு மாற்று நிறைய இருக்கிறது.

## அடுப்பை அணைத்து இடத்தை வைத்துக்கொள்வது

அனல் மின் நிலையத்தின் உண்மையான சொத்து எது? பாய்லர் தேய்ந்துவிட்டது. சாம்பல் குளம் சுமை. விலைமதிப்பில்லாதது மின்சாரத்தைப் பாதையில் ஏற்றும் ஸ்விட்ச்யார்டும், அங்கிருந்து கிளம்பும் மின்பாதையும், அந்த நிலமும்தான். புதிதாக ஓர் உயரழுத்தப் பாதை இழுக்க எத்தனை ஆண்டு, எத்தனை வழக்கு என்று மின்வாரியத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அந்த இடத்தில் சூரியத் தகடு பரப்பிவிடலாம் என்று பலர் சொல்கிறார்கள். அது பெரிதாக உதவாது. ஒன்டாரியோவின் நான்டிகோக், ஒரு காலத்தில் வட அமெரிக்காவிலேயே மிகப் பெரிய நிலக்கரி நிலையங்களில் ஒன்று, கிட்டத்தட்ட 4,000 மெகாவாட். மூடிய பிறகு அங்கே 2019-ல் வந்த சூரிய மின் நிலையம் 44 மெகாவாட். தகடுக்கு இடம் வேண்டும். அதைக் கயத்தாறு பக்கமோ கமுதி பக்கமோ வைக்கலாம். நிலைய வளாகத்தில் வைக்க வேண்டியது பேட்டரி.

பேட்டரி விலை விழுந்த வேகம் எல்லாக் கணக்கையும் மாற்றிவிட்டது. 2022-ல் நாட்டின் முதல் பெரிய ஏலத்தில் இரண்டு மணி நேரப் பேட்டரிக்கு (முழுத் திறனில் இரண்டு மணி நேரம் தருவது) மெகாவாட்டுக்கு மாதம் 10.8 லட்சம் ரூபாய் கேட்டார்கள். 2025 ஏலங்களில், அரசு மானியத்தோடு, இரண்டு லட்சம் சொச்சத்துக்கு வந்துவிட்டது. 2.2 லட்சம் என்று வைத்து, தினம் ஒருமுறை ஏற்றி இறக்கினால் யூனிட்டுக்கு 3.70 ரூபாய். ஏற்றும் சூரிய மின்சாரம், இழப்பையும் சேர்த்து, மூன்று ரூபாய். ஆக சாயங்காலம் ஆறு மணிக்கு யூனிட் ஆறே முக்கால் ரூபாய்க்குள். இதில் முதலீடும் அடக்கம், புகை இல்லை, சாம்பல் இல்லை.

பழைய ஜெனரேட்டரையும் வீணாக்க வேண்டாம். டர்பைனைக் கழற்றிவிட்டு ஜெனரேட்டரை மட்டும் சும்மா சுழலவிட்டால் கிரிட்டின் மின்னழுத்தத்தையும் அதிர்வெண்ணையும் தாங்கிப் பிடிக்கும். ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலன் நிலக்கரி நிலையத்தில் இப்படி மாற்றியிருக்கிறார்கள். காற்றாலைகள் நிறைந்த தென் மாவட்டங்களுக்கு இது அவசியமாகவே தேவைப்படும்.

குறைகள் இல்லாமல் இல்லை. இரண்டு மணி நேரப் பேட்டரி ஒரு மாலையின் உச்சத்தைக் கடத்தும். கார்த்திகையில் நான்கு நாள் மேகம் மூடிக் காற்றும் இல்லாமல் கிடந்தால் கைகொடுக்காது. அதற்குக் கடம்பாறை, குந்தா மாதிரி, நீரை மேலேற்றி வைத்துத் தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுக்கும் நீரேற்று நிலையங்களோ, கிடங்கில் குவித்த எரிபொருளோ வேண்டும். அடுத்தது ஆட்கள். நிரந்தர ஊழியரை வேறு நிலையத்துக்கு மாற்றிவிடுவார்கள். கன்வேயரிலும் சாம்பல் பகுதியிலும் ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. பேட்டரி வளாகத்துக்குப் பத்தில் ஒரு பங்கு ஆள்கூட வேண்டாம். உலர் சாம்பலை நம்பிய செங்கல் பட்டறைகளும் சுற்றுவட்டாரத்தில் இருக்கின்றன. மூடும் தேதிக்கு மூன்று நான்கு ஆண்டு முன்பே பெயர்ப் பட்டியலோடு இவர்களுக்கான பணம் ஒதுக்கப்படவில்லை என்றால் அந்தத் திட்டத்தை நான் ஆதரிக்க மாட்டேன்.

சாம்பல் குளத்தைச் சீராக்கும் செலவும் பெரும்பாலும் யார் கணக்கிலும் வருவதில்லை. வடசென்னை நிலையத்தின் சாம்பல் குழாய்கள் உடைந்து கொசஸ்தலையாற்றில் படிந்த சாம்பல் இன்னும் படிந்தபடியேதான் இருக்கிறது. இறால் பிடிக்க ஆற்றில் இறங்கும் காலுக்கு அது தெரியும்.

## ஒரே பார்வையில்

| வழி | யூனிட்டுக்குச் செலவு | கரி குறைவது | கவனிக்காத செலவு | பொருந்தும் இடம் |
|---|---|---|---|---|
| நிலக்கரியில் 5–7% பெல்லட் | 4 ரூபாய் சொச்சம் | 5–7% | தீவன விலை. ஆயுளை நீட்டும் சாக்கு | மூடும் தேதி குறித்த அலகு |
| முழுப் பெல்லட், எப்போதும் ஓட்டம் | 5 ரூபாய் + மாற்றச் செலவு | மூலப்பொருளைப் பொறுத்தது | 7 லட்சம் டன் கொள்முதல் | தமிழ்நாட்டில் எங்கும் இல்லை |
| முழுப் பெல்லட், பத்தில் ஒரு பங்கு நேரம் | 8 ரூபாய்க்கு மேல், முதலீடு சேர்த்து | பயிர்க்கழிவானால் பெரும்பகுதி | மூடிய கிடங்கு, தீ, குழாய் அரிப்பு | விளைநிலம் சூழ்ந்த உள்நாட்டு அலகு |
| காஸ் | 7 முதல் 10 ரூபாய் + முதலீடு | 40–60%, கசிவு நீங்கலாக | டாலர் விலை | சில நூறு மணி நேர உச்சத் தேவை |
| பசுமை அம்மோனியா | அந்தப் பங்குக்கு 30 ரூபாய்க்கு மேல் | கலக்கும் அளவுக்கு | நச்சு. மின்சார விரயம் | உர ஆலை |
| மூடி, பேட்டரி | 6.75 ரூபாய், முதலீடு சேர்த்து | ஏறத்தாழ முழுதும் | ஒப்பந்தத் தொழிலாளர், சாம்பல் குளம் | காற்றும் வெயிலும் உள்ள பகுதி |

## எந்த ஊருக்கு எது

தூத்துக்குடியை முதலில் அணைக்கலாம். சுற்றிலும் காற்றாலை, பக்கத்திலேயே சூரிய மின்சாரம். வயதும் அதற்குத்தான் அதிகம். இரண்டு அலகுகளை நிறுத்தி, அந்த மின்பாதையில் பேட்டரி வைத்து, ஒரு ஜெனரேட்டரைச் சும்மா சுழலவிட்டுத் தொடங்கலாம். ஒரு கோடையைத் தாண்டிய பிறகு அடுத்த அலகு. 2030 வரை அனல் அலகுகளுக்கு ஓய்வு கொடுக்க வேண்டாம் என்று மத்திய மின்சார ஆணையம் 2023-ல் சொல்லியிருப்பதால், உடனே கழற்றுவது நடக்காது. கையிருப்பாக நிறுத்திவைத்து ஓட்டும் நேரத்தைக் குறைப்பதை இப்போதே செய்யலாம்.

மேட்டூருக்கு என் தேர்வு வேறு. அங்கே நிலக்கரி எண்ணூரில் இறங்கி ரயிலேறி வர வேண்டும், அதனால் செலவு கூடுதல். சுற்றிலும் சேலம், நாமக்கல், ஈரோடு மாவட்டங்களின் மக்காச்சோளமும் மரவள்ளியும் கடலையும். நான்கு அலகில் ஒன்றை மட்டும் அட்டிகோகன் மாதிரி மாற்றி, மார்ச் முதல் மே வரையும் மேகம் மூடிய நாட்களிலும் ஓட்டலாம். குறைந்த நேரமே ஓடும் என்பதால் பட்டறைக்காரருக்கு ஆண்டுக்கு இத்தனை டன் கட்டாயம் வாங்குவோம் என்று பத்தாண்டு உறுதி கொடுக்க வேண்டும். அது இல்லாமல் எந்த வங்கியும் பெல்லட் பட்டறைக்குக் கடன் தராது. மற்ற மூன்று அலகுகளையும் இப்படி மாற்றப் பொருள் போதாது, ஆசைப்படக் கூடாது.

சீமைக் கருவேலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வெட்டினால் மூன்று நான்கு ஆண்டில் மறுபடி தழைக்கும், எனவே கரிக் கணக்கில் காட்டு மரத்தைவிட நல்லது. ஆனால் அதை அடியோடு அகற்ற உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. அதை நம்பி நிரந்தர நிலையம் கட்டினால், அகற்றவே கூடாது என்று நினைக்கும் ஒரு தரப்பை நாமே உருவாக்குவோம். அகற்றும் காலத்துக்கு மட்டும் உபரி வரவாக எழுதிக்கொள்ளலாம்.

வடசென்னைப் பழைய அலகுகளுக்கு நான் சொல்வது இன்னும் கறார்: எரிபொருள் மாற்றமே வேண்டாம். எண்ணூர் தன் பங்குக்கு மேல் சுமந்துவிட்டது. சாம்பல் குழாயை நிறுத்துவதும் ஆற்றைத் தூர்வாருவதும்தான் அங்கே முதல் வேலை, மின்சாரத்துக்குப் பேட்டரி.

## சொந்த மின் நிலையம் வைத்திருக்கும் ஆலைகளுக்கு

பத்து, இருபது மெகாவாட் சொந்த நிலையம் வைத்திருக்கும் ஆலைக்காரர்களும் எழுதியிருந்தார்கள். உங்களுக்குப் பதில் வேறு. உங்களிடம் இருப்பது பெரும்பாலும் மணல் படுகையில் எரிக்கும் பாய்லர். அதற்கு மாவாக்கும் மில் வேண்டாம், நாரும் தூளும் கலந்து வந்தாலும் தாங்கும். நூறு கிலோமீட்டர் வட்டத்தில் ஆண்டுக்கு ஐம்பதாயிரம் முதல் ஒரு லட்சம் டன் வரை கிடைக்குமானால் முழுக்க உயிரி எரிபொருளுக்குப் போகலாம். நீராவியும் உங்களுக்கு வேண்டும் என்பதால் பேட்டரி அந்த வேலையைச் செய்யாது. பகல் மின்சாரத்துக்கு மட்டும் சூரியத் தகடு போட்டு, பாய்லரை நீராவித் தேவைக்கு மட்டும் ஓட்டினால் எரிபொருள் தேவை இன்னும் குறையும். வாங்கும்போது டன் விலை பேசாதீர்கள். ஆயிரம் கிலோ கலோரிக்கு இன்ன விலை என்று எழுதுங்கள். ஈரப்பதமும் குளோரினும் சோதித்த சீட்டு வந்த பிறகு லாரியை எடைமேடையில் ஏற்றச் சொல்லுங்கள்.